சிங்கத்தைக் கண்டதும் கழற்றிய செருப்பு

டார்ஜிலிங் போகலாம் என்று ஆரம்பித்தவள் என் நாத்தனார். அவளுக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. ரங்கூனில் கியாக்டடா பகுதியில் ஆபீஸ் போகும் என் கணவருக்குக் கிடைக்கவில்லை. "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் போங்க. நீ சரின்னா சரிதான்," என்றார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். முடிவை என் தலையில் கட்டிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

எங்கள் மகள் பாப்பாவுக்கு நாலு வயது. போன மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது சுத்தமாகக் குணமாகிவிட்டது, ஓடி விளையாடட்டும் என்று டாக்டர் சொன்னார். நிச்சயமாகவா என்று கேட்டேன். நிச்சயமாக என்றார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறையும் கேட்டேன். அப்படியும் ரங்கூன் தாமுவேயில் எங்கள் வீட்டு வராண்டாவில்கூட நான் அவளை ஓடவிடவில்லை. அவள் இரண்டு எட்டு வேகமாக வைத்தாலே தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். அப்படிப்பட்ட நான் அவளைக் குளிர் மலைக்குக் கூட்டிப் போகலாமா? ரங்கூனிலிருந்து கல்கத்தா வரை விமானத்தில் இதையேதான் யோசித்தேன். அங்கிருந்து ரயிலிலும், மலை ஏறிய ஜீப்பிலும் இதேதான்.

முதல் நாள் இரண்டு கோவில், ஒரு வியூ பாயிண்ட். மூன்றிலும் பாப்பா என் இடுப்பில்தான். பனிமலை தெரியும் என்று சொன்ன இடத்தில் வெள்ளையாக மேகம் மட்டும் நின்றது. நாங்கள் மேகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம்.

"அண்ணி, இவ காலு தரையில பட்டு எத்தனை நாளாச்சு? நடக்கவே மறந்துரப்போறா," என்றாள் நாத்தனார்.

"குளிர் காலு வழியாத்தான் ஏறும்."

"அப்ப ரங்கூன் வரைக்கும் இடுப்புலயேவா?"

மறுநாள் ஒரு மலைமேல் இருக்கும் புத்த மடத்துக்குப் போனோம். ஜீப் படிக்கட்டின் அடியில் இறக்கிவிட்டது. படிக்கு இருபுறமும் வாயைப் பிளந்துகொண்டு இரண்டு கல் சிங்கங்கள். அவற்றைப் பார்த்ததும் நானும் நாத்தனாரும் ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து ஷூவைக் கழற்றினோம். சாக்ஸையும் உருவினோம்.

எங்கள் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பயா என்று நாங்கள் சொல்லும் புத்தர் கோவிலுக்கு ரங்கூனில் போனால், படி அடியில் சிங்கம் இருக்கும். சிங்கத்தைத் தாண்டினால் வெறுங்கால். மந்திரியாக இருந்தாலும், பிக்குவாக இருந்தாலும் அப்படித்தான். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடும் தமிழர்கள்தான். ஆனாலும் இந்தப் பழக்கம் தாய்ப்பாலோடு வந்தது. செருப்பைப் போட்டு எடுத்துப்போக ஒரு பிளாஸ்டிக் பைகூட என் கைப்பையில் தயாராக இருந்தது.

பாப்பாவின் ஷூவில் கை வைத்ததும் நின்றுவிட்டேன். கழற்றினால் குளிர். கழற்றாவிட்டால் பாவம். கடைசியில் அவளைத் தூக்கி, ஷூவோடு கால்களைச் சால்வைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டேன்.

"யாருக்குத் தெரியாம மறைக்கிறீங்க? புத்தருக்கா?" என்றாள் நாத்தனார்.

"பேசாம ஏறு."

படியெல்லாம் ஈரம். ஐஸ்பெட்டிக்குள் காலை வைத்த மாதிரி இருந்தது. முப்பது படி ஏறியதும் நாத்தனார் ஒற்றைக் காலில் குதிக்க ஆரம்பித்தாள். "அண்ணி, என் கட்டைவிரல் இருக்கா பாருங்க. எனக்குத் தெரியல." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் பாப்பா கையிலிருந்து நழுவினாள். பக்தியோடு ஏற வேண்டிய படியில் இப்படிச் சிரிக்கலாமா என்று வேறு பயம். பயந்தால் இன்னும் சிரிப்பு வந்தது.

அப்போது மேலேயிருந்து ஒரு பிக்கு இறங்கி வந்தார். சிவப்பு அங்கி. காலில் முழங்கால் உயரத்துக்கு, சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ்.

நாங்கள் இருவரும் அந்தப் பூட்ஸையே பார்த்தோம். பூட்ஸ் போட்ட பிக்குவை எங்கள் ஆயுளில் பார்த்ததில்லை. அவரும் எங்கள் கால்களையே பார்த்தார். பிறகு ஹிந்தியில் ஏதோ கேட்டார். டிவி சீரியல் பார்த்து ஹிந்தி கற்ற நாத்தனார் பதில் சொன்னாள். அவர் அப்படியே படியில் உட்கார்ந்து, தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"என்ன சொல்றாரு?"

"செருப்பு போச்சான்னு கேட்டாரு. நாங்க பர்மான்னு சொன்னேன். மேல முற்றம் வரைக்கும் ஷூ போட்டுக்கலாமாம் அண்ணி. சாமி இருக்கிற கூடத்து வாசல்ல கழற்றினா போதுமாம்."

"இன்னும் எத்தனை படி?"

அவள் அவரிடம் கேட்டுச் சொன்னாள். "ஒன்பது."

எனக்கு அழுகை மாதிரி ஒரு சிரிப்பு வந்து, கை தளர்ந்தது. அந்தச் சமயம் பார்த்து பாப்பா சால்வையிலிருந்து வழுக்கி இறங்கி, அந்த ஒன்பது படியையும் ஏறி முற்றத்துக்கு ஓடினாள். கூடத்தைச் சுற்றி வரிசையாகப் பித்தளை உருளைகள். கையால் தள்ளினால் சுழலும், உள்ளே மந்திரம் எழுதி வைத்திருப்பார்களாம். பாப்பா ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு ஓடினாள். நான் வெறுங்காலோடு, ஒரு கையில் செருப்புப் பையோடு, "ஓடாதே! ஓடாதே!" என்று கத்திக்கொண்டு பின்னால். ஒரு சுற்று. இரண்டு சுற்று. தெரியாத ஒரு பாட்டியம்மாள் தானும் உருட்டிக்கொண்டே எனக்கு வழி விட்டார். மூன்றாவது சுற்றின் முடிவில், மலை ஓரத்துக் கைப்பிடிச் சுவர் பக்கம் அவளைப் பிடித்தேன்.

மண்டிபோட்டு அவள் முதுகில் காதை வைத்தேன். சளியின் விசில் சத்தம் கேட்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

"அண்ணி! பனிமலை! அங்க பாருங்க, மலை!"

"சும்மா இரு, கேட்கவிடு."

"அண்ணி, ஐயோ, முழுசாத் தெரியுது!"

"ஒரு நிமிஷம்!"

தடதடவென்று அவள் இதயம் அடித்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. நடுவில் ஒன்றுமில்லை. சளியும் இல்லை, விசிலும் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். இல்லை.

நிமிர்ந்தபோது எதிரில் மறுபடியும் வெள்ளை மேகம்.

"போச்சு. நீங்க பார்க்கல," என்றாள் நாத்தனார். அவள் கண் கலங்கியிருந்தது, மலைக்காகவா எனக்காகவா தெரியவில்லை. "இவ்வளவு தூரம் வந்து..."

"நான் பார்த்தேன்," என்றாள் பாப்பா. "பெருசு. வெள்ளையா இருந்துச்சு." அவள் கன்னம் சிவந்திருந்தது. வாயிலிருந்து புகை வந்தது. அது அவளுக்கே வேடிக்கையாக இருக்க, ஊதி ஊதிப் பார்த்தாள். "அம்மா, இன்னொரு தடவை ஓடட்டுமா?"

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. நல்ல அம்மாவாக இருந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.

"ஓடு," என்றேன்.

அவள் என்னை நம்பாமல் ஒரு நொடி பார்த்தாள். பிறகு ஓடினாள்.