குறைபாடுகள் என்ற பக்கம்

எங்கள் கல்லூரி தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொண்ட வருடத்தில் நான் சண்டை பிடிக்காத ஆள் இல்லை. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். வகுப்பில் ஒரு பிள்ளை முணுமுணுத்தால், "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று கேட்டுவிடுவேன். வகுப்பு முழுவதும் சிரிக்கும். கேட்கப்பட்ட பிள்ளையும் சிரிக்கும். அதனால் அதில் யாருக்கும் வருத்தமில்லை என்று நினைத்திருந்தேன்.

கல்லூரி இலங்கை மலையகத்தில், பதுளை நகரத்துக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. திருச்சபை நடத்துவது. காலையில் சிற்றாலய மணி அடித்ததும் விரும்பியவர்கள் ஜெபத்துக்குப் போவார்கள். மற்றவர்கள் விபூதி பூசிய நெற்றியோடு நூலகப் படிகளில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளில் பெரும்பாலானோர் சைவர்கள். பசறை, நமுனுகுல, பண்டாரவளைக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டங்கள் என்று பல இடங்களிலிருந்து வருகிறவர்கள். தமிழ், வரலாறு, சமூகவியல், உளவியல் படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிப்பார்கள். நானும் நமுனுகுலப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் பிறந்த சைவக் குடும்பத்துப் பெண்தான். இங்கேதான் படித்தேன், இங்கேதான் விரிவுரையாளராகவும் வந்தேன்.

பட்டம் கொடுப்பதற்கான அங்கீகாரத்தைச் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முதலில் நம் நிறைகுறைகளை நாமே சுயமதிப்பீட்டு அறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும். பிறகு ஒரு மீளாய்வுக் குழு வந்து, எழுதியதெல்லாம் உண்மைதானா என்று பார்க்கும். முன்பெல்லாம் இது சடங்குபோல நடந்து முடியும். இந்த முறை விதிகளை இறுக்கியிருந்தார்கள். அங்கீகாரம் நின்றுபோனால் இறுதியாண்டுப் பிள்ளைகள் வாங்கப்போகும் பட்டத்தை வைத்து நியமனத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

அந்த இறுதியாண்டில் ஒருத்தி இருந்தாள். பசறைக்கு அப்பால் ஒரு தோட்டம். அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிக்கிறவர். அவர்களுடைய லயத்திலிருந்து பட்டம் வாங்கப்போகும் முதல் ஆள் அவள். என் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அப்படிப்பட்டவளைப் பிள்ளைகள் ஏன் மாணவர் தலைவியாகத் தெரிவு செய்தார்கள் என்று நான் யோசித்ததுண்டு. அங்கீகாரம் பற்றிய பேச்சு தோட்டங்கள்வரை போனதும் அவளுடைய அம்மா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். என் அறை வாசலில் நின்றபடியே, "எம்புள்ளைக்குப் பட்டம் கெடைச்சிருமாங்க டீச்சர்?" என்று கேட்டார். கிடைக்கும், தைரியமாகப் போங்கள் என்றேன். அது எனக்கே நிச்சயமில்லை.

அறிக்கை எழுத ஒரு சிறிய குழு அமைந்தது. கல்லூரி அதிபரான பாதர், பீடாதிபதி, நான், இன்னும் இருவர். பாடப்பிரிவுகளின் தலைவரான பீடாதிபதி யாழ்ப்பாணத்துக்காரர். கல்வித் திணைக்களத்தில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். முதல் கூட்டத்திலேயே பாதர், இதைக் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் போலச் செய்வோம், ஒன்றை மறைத்தாலும் மற்றதெல்லாம் வீண் என்று சொல்லிவிட்டார். பாவசங்கீர்த்தனம் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் குறை சொல்வது கைவந்த கலை. மழையில்லாத மாதங்களில் விடுதிக்குத் தண்ணீர் வருவதில்லை, நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் போதாது, உளவியலுக்கு நிரந்தர விரிவுரையாளர் இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதவைத்தேன். பூசி மெழுகப் பார்த்தவர்களோடு மல்லுக்கு நின்றேன். பீடாதிபதி என் வசனங்களின் சூட்டை மட்டும் ஆற்றிவிட்டு விஷயத்தை அப்படியே வைத்துக்கொள்வார். எல்லாம் முடிந்தபோது, இவ்வளவு நேர்மையாக யார் எழுதியிருப்பார்கள் என்று எனக்குக் கர்வமே வந்துவிட்டது.

அறிக்கையின் தமிழ்ப் பிரதி ஒன்றை மாணவர்கள் பார்வைக்கு நூலகத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. யார் அதைப் புரட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து வாசித்தார்கள். ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். பரீட்சைக்கு இப்படி வாசித்திருந்தால் எங்கேயோ போயிருப்பீர்களே என்று நான் கேலி செய்தேன். அவர்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள்.

மீளாய்வுக் குழு வந்த வாரம் விடாத மழை. குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மட்டக்களப்பிலிருந்து வரவேண்டியவர். லுணுகலைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடப்பட்டதால் வந்து சேரவில்லை. மற்ற இருவரும் சிங்களவர்கள். தலைவி, தலை நரைத்த ஒரு பேராசிரியை. மாணவர்களைச் சந்திக்கும்போது கல்லூரி ஆட்கள் யாரும் அறையில் இருக்கக் கூடாது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கடைத்தெருச் சிங்களம். மனதில் இருப்பதைச் சொல்ல அது போதாது. கடைசியில் மொழிபெயர்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். பேராசிரியைக்கு அதில் விருப்பமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு சொல் கூட்டவும் கூடாது, ஒரு சொல் விடவும் கூடாது என்று எச்சரித்துவிட்டே என்னை உட்காரச் சொன்னார்.

முதல் கேள்வி விடுதித் தண்ணீர் பற்றியது. தண்ணீருக்குக் குறைவில்லை என்றான் ஒருவன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மொழிபெயர்த்தேன். நூலகம் பற்றிக் கேட்டார்கள். புத்தகங்கள் நிறைய இருக்கின்றன என்றாள் இன்னொருத்தி. உளவியலுக்கு ஆள் இல்லாமல் பாதிப் பாடம் நடக்காத பிள்ளைகள், பாடமெல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றார்கள். ஒவ்வொரு பதிலையும் சிங்களத்தில் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே கொதித்தது. பேராசிரியை அறிக்கையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நாங்கள்தான் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறோம் என்று அவர் நினைப்பது எனக்குப் புரிந்தது.

அந்தப் பதில்களை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, தேயிலைக்கு வெளிநாட்டுச் சான்றிதழ் கொடுப்பதற்காகச் சிலர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். லயத்தின் முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்திருந்தது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கூரை ஒழுகும் இடத்தில் எப்போதும் ஒரு வாளி இருக்கும். வந்தவர்கள் வாசலில் நின்று வீடு எப்படி என்று கேட்டார்கள். அம்மா ஒரு காலால் வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். அவர்கள் போன பிறகு நான் கோபத்தில் ஆடித் தீர்த்தேன். அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. சான்றிதழ் போனால் தேயிலை விற்காது, தேயிலை விற்காவிட்டால் தனக்கு வேலை நாள் குறையும், ஒழுகுகிற கூரையோடு இருந்துவிடலாம் என்றார்.

எங்கள் பிள்ளைகளும் அன்றைக்கு வாளியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.

பேராசிரியை பேனாவை மூடிவைத்துவிட்டு நேராகக் கேட்டார். தண்ணீர் இல்லை என்று கல்லூரியே எழுதியிருக்கிறது, இருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள், இரண்டில் எது பொய்? அதை மேடைத் தமிழில் சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு நல்ல பதில் வந்திருக்கும். நான் எங்கள் லயத்துப் பேச்சில் சொன்னேன்.

"தண்ணி இல்லன்னு நாங்க எழுதியிருக்கோம். இருக்குன்னு நீங்க சொல்றீங்க. ரெண்டுல ஒன்னு பொய். எது பொய்னு கேக்குறாங்க."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பசறைப் பிள்ளை எழுந்து நின்றாள்.

"நாங்க சொன்னதுதாங்க பொய்," என்றாள். "தண்ணி இல்லாதது உண்மைதான். புத்தகம் இல்லாததும் உண்மைதான். சொன்னா காலேஜை மூடிருவாங்களோன்னு பயந்துட்டோம். அதோட, இது எங்க காலேஜுங்க மேடம். வெளியிலருந்து வந்தவங்ககிட்ட நம்ம வீட்டுக் கொறையச் சொல்லுவோமா?"

நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அடுத்ததைச் சொல்லும்போது அவள் பேராசிரியையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அறிக்கைய நாங்க எல்லாரும் வாசிச்சோம். குறைபாடுகள்னு ஒரு பக்கம் இருக்கு. தண்ணி இல்லாதது ஒரு கொறை. புத்தகம் இல்லாதது ஒரு கொறை. அதுக்குக் கீழ எங்களப் போட்டிருக்கீங்க. நாங்க உங்களப் பத்திக் கொறை சொல்லல மிஸ். நீங்க எங்களச் சொல்லியிருக்கீங்க."

அந்த வரி எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. மாணவர்களில் பெரும்பாலானோர் பின்தங்கிய தோட்டக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் என்று எழுதியிருந்தோம். எழுத்துப்பிழை பார்க்கும்போது அந்தப் பக்கத்தை நான் பல முறை வாசித்திருக்கிறேன். பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. இப்போது அதைச் சிங்களத்தில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான், நானும் என் அம்மாவும்கூட அந்த வரிக்குள் இருக்கிறோம் என்று உறைத்தது. அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஒரு சொல்லும் விடாமல் சொல்லி முடித்தேன்.

பேராசிரியை கொஞ்ச நேரம் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளைகளுக்காகவே கல்லூரி தொடங்கப்பட்டது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னார். அது எனக்காகச் சொன்னது. இருந்தாலும் அதையும் பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னேன். அதன் பிறகு அவர்கள் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். விடுதிப் பெண்கள் குளிக்க எவ்வளவு தூரம் இறங்கிப் போகிறார்கள் என்பதுவரை வந்தது. அதெல்லாம் எங்கள் நேர்மையான அறிக்கையில் இல்லை.

குழு போன மறுநாள் நாங்கள் கூடினோம். நடந்ததைச் சொன்னேன். பாதர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். ஒருவர், அந்த வரியை எடுத்துவிடலாம் என்றார். இன்னொருவர், நிறைகள் பக்கத்துக்கு மாற்றலாம் என்றார். பிள்ளைகளைத் தூக்கி எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தீர்மானிக்க நாம் யார் என்று நான் கத்தினேன். பீடாதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த வசனத்தை எழுதினது நான்தான்," என்றார். "ஆனா வாசிச்சது நாங்கள் எல்லாரும்."

அடுத்த நாள் காலையில் பாதர் சிற்றாலயத்துக்குள் போகாமல் நூலகப் படிகளுக்கு வந்து, அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். சிலர் சங்கடப்பட்டு எழுந்து நின்றார்கள். அவர் உட்காரச் சொன்ன பிறகும் உட்காரவில்லை.

மாதங்கள் கழித்து முடிவு வந்தது. அங்கீகாரம் நீடிக்கப்பட்டிருந்தது. வழமையைவிடக் குறுகிய காலத்துக்கு, நிபந்தனைகளோடு. விடுதிக்குத் தண்ணீர்த் தாங்கி கட்ட வேண்டும், அடுத்த அறிக்கையை எழுதும் குழுவில் மாணவர்களும் இருக்க வேண்டும். ஆனால் இறுதியாண்டுப் பிள்ளைகளின் பட்டம் செல்லும். எனக்கு முதலில் என் அறை வாசலில் நின்ற அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவரிடம் நான் சொன்னது பொய்யாகவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

பட்டமளிப்பு முடிந்த சில நாட்களில் அந்தப் பசறைப் பிள்ளை விடைபெற வந்தாள். நியமனத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அம்மாவைக் கேட்டேன். நன்றாக இருக்கிறார் என்றாள். போக எழுந்தவள் கதவருகே நின்றாள்.

"ஒரு கொறை சொல்லலாமா மிஸ்?"

உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தண்ணீர்த் தாங்கி வேலை இழுபடுவதைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்து, தாராளமாகச் சொல் என்றேன்.

"வாய்க்குள்ள கொழுக்கட்டையான்னு மொத வருசம் என்னையக் கேட்டீங்க. அதுக்கப்புறம் உங்க வகுப்புல நான் பேசவே இல்ல."

எனக்குக் கேட்டது நினைவில்லை. எத்தனை பிள்ளைகளைக் கேட்டிருப்பேன். "எல்லாரும் சிரிப்பீங்களேம்மா, நீயும் சிரிச்சிருப்பியே," என்றேன்.

"தோட்டத்துல தொரை கேட்டா சிரிக்கத்தான செய்வோம் மிஸ்," என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நான் எழுந்து போய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிரும்மா என்றேன். அவள் சிரிக்கவில்லை. சரி மிஸ் என்று தலையாட்டிவிட்டு, பசறை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மேட்டிலிருந்து இறங்கிப் போனாள்.