நிறுத்தப் பயந்த லொறி

நேற்று மச்சான் எங்கள் பழைய லொறிக்குப் புது ஸ்டார்ட்டர் பூட்டித் தந்தார். "இனி எங்கயும் பயமில்லாம நிப்பாட்டுங்க" என்றார்.

இரண்டு வருடமாக ஆள் பிடித்துத் தள்ளித்தான் ஸ்டார்ட் எடுத்தேன். இன்று காலை சாவியைத் திருப்பியதுமே எஞ்சின் பிடித்தது. அதுவே பயமாக இருந்தது.

நெல் மூட்டைகளோடு சம்மாந்துறை மில் வரிசையில் நின்றேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எஞ்சினை நிறுத்தக் கை வரவில்லை. சாவியைத் தொடுவேன், விடுவேன். இறங்கி மூட்டைகளை மூடிய படங்கை இழுத்துக் கட்டுவேன், லொறியை ஒரு சுற்றுச் சுற்றுவேன், திரும்ப ஏறுவேன்.

பின்னால் டிரக்டரில் இருந்த இளைஞர் அண்ணன் முறை சொல்லிக் கத்தினார்: "காக்கா, புகை தாங்கேலா! கொஞ்சம் நிப்பாட்டுங்களன்!"

"நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் வருமோ தெரியா தம்பி."

"ஸ்டார்ட்டர் பழுதா?"

"இல்ல, நேத்துத்தான் புதுசு போட்ட."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மூன்று மணித்தியாலம் அப்படியே ஓடவிட்டேன். எனக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி இருக்கும்போது எஞ்சின் தானாக நின்றது. டீசல் முடிந்துவிட்டது.

கேனில் வாங்கி ஊற்றினோம். டீசல் பைப்பில் காற்று ஏறிவிட்டதால், ஸ்டார்ட்டர் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை. கடைசியில் அந்தத் தம்பிதான் டிரக்டரில் கட்டி மில்லுக்குள் இழுத்துவிட்டார். மழை விழும்போது நெல் கூரைக்குக் கீழே. அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது மச்சானின் மெசேஜ்: "ஸ்டார்ட்டர் எப்பிடி, நல்லா வேல செய்யுதா?"

அது மட்டும்தான் நன்றாக வேலை செய்கிறது. அவருக்கு என்ன பதில் போடட்டும்?