பனிக்கடியில் ஒரு ஆரஞ்சுப் பை

பிப்ரவரி, வெள்ளிக்கிழமை, காலை 9.40. ஃபிரீமான்ட் வீட்டு வாசலில் காரைக் கிளப்பும்போது என் வீட்டுக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அம்பத்திமூணு வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை? பனியில புதைஞ்சவங்களத் தோண்டி எடுக்க வேற ஆளே இல்லையா?"

"தாரிணியத் தோண்டி எடுக்க வேற ஆள் இல்லைங்க."

வாயைக் கழுவு என்று திட்டினார். திட்டிக்கொண்டே நான்கு டயருக்கும் காற்றுப் பார்த்துக் கொடுத்தார்.

தாரிணி எங்கள் ஒரே மகள். வயது இருபத்தாறு, ரீனோவில் நர்ஸ். குளிர்காலத்தில் ஞாயிறு லீவு கிடைத்தால் போதும், லிஃப்டும் காவலும் இல்லாத மலைச்சரிவுகளுக்கு ஸ்கீயோடு போய்விடுவாள். அங்கே சிக்னல் கிடையாது. அன்று முழுக்க நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். திங்களன்று ஒரு போட்டோ வரும்: வெள்ளை மலை, நீல வானம், ஓரத்தில் அவள் நிழல். பயம் ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்தப் போட்டோவில் ஒரு நாள் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மூன்று வருடமாக ஏங்குகிறேன். போன மாதம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், பனியில் கால் புதையாத ஸ்னோஷூ மாட்டி நடந்தாவது வருகிறேன் என்று. வழக்கம்போல இங்கிலீஷில்தான் பதில் வந்தது. பனி சரிந்து அவள் உள்ளே போய்விட்டால் பக்கத்தில் நிற்கிற நான்தான் அவளைக் கண்டுபிடிக்க வேண்டும். மீட்புப் பயிற்சி எடுத்து வா, அந்த ஞாயிறே கூட்டிப் போகிறேன் என்றாள்.

பயிற்சி நடக்கும் மலையூர் டிரக்கிக்கு இருநூறு மைலுக்குக் கொஞ்சம் மேல். சேக்ரமென்டோ வரை வெயில். பிற்பகல் 1.50க்குக் கிங்வேல் அருகே டயருக்குச் சங்கிலி இல்லாமல் விடமாட்டோம் என்று நிறுத்தினார்கள். நாற்பது டாலர் வாங்கிக்கொண்டு சங்கிலி மாட்டிய தாடிக்காரர், "ஸ்கீயிங்கா?" என்று கேட்டார். "இல்லை, தோண்டப் போகிறேன்" என்றேன். மனிதர் சங்கிலியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். அன்றிரவு டிரக்கியில் மோட்டலில் தங்கினேன்.

சனிக்கிழமை, காலை 8.30. பயிற்சிக் கட்டணம் 95 டாலர். மொத்தம் எட்டுப் பேரில் மூக்குத்தி போட்டிருந்தது நான் மட்டும். பயிற்றுநர் டேவ், நெட்டையான மனிதர், ஆளுக்கு மூன்று பொருள் கொடுத்தார். ஒன்று பீக்கன்: மார்போடு கட்டிக்கொள்ளும் சின்ன ரேடியோ. புதைந்தவருடைய பீக்கன் சிக்னல் அனுப்பும். தேடுபவருடையது அம்புக்குறியும் தூரமும் காட்டும். அடுத்தது குத்திப் பார்க்கும் நீளக் கம்பி. மூன்றாவது மண்வாரி. முதல் பதினைந்து நிமிடம்தான் முக்கியம், ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்க முடியாது என்றார். போன், சாவி, உலோகம் எதுவும் பீக்கன் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றும் சொன்னார். நான் நல்ல பிள்ளையாகப் போனையும் சாவியையும் காரில் வைத்துப் பூட்டினேன்.

பகல் 12.15. இரவு ஷிப்ட் முடித்துக் கொஞ்சம் தூங்கிவிட்டுத் தாரிணி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவளுக்கு டேவைத் தெரியும். அவரிடம் கேட்டுக்கொண்டு, தன் பீக்கனைத் தன் ஆரஞ்சுப் பைக்குள் போட்டு, நான் திரும்பி நிற்கும்போது எங்கோ புதைத்துவிட்டு வந்தாள்.

"ஓகே அம்மா. ஃபைண்ட் மீ."

வெறும் பைதான் என்று தெரியும். ஆனாலும் பீக்கனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினேன். 31, 24, 18 மீட்டர் என்று தூரம் இறங்கியது. திடீரென்று 40. அம்புக்குறி ஒரு பக்கம் திரும்பியது, பிறகு மறுபக்கம். நானும் அதன் பின்னாலேயே அங்குமிங்கும் அலைந்தேன். முழங்கால் வரை பனி, மூச்சு வாங்கியது. கண்ட இடத்திலெல்லாம் கம்பியைக் குத்தினேன். பதினைந்து நிமிடம் ஆனதும் டேவ் கையைத் தூக்கினார். அந்தக் கை மேலே போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

தாரிணி கிட்டே வந்து என் ஜாக்கெட்டைத் தட்டினாள். உள்ளே ஏதோ சரசரத்தது.

"அம்மா, வாட் இஸ் திஸ்?"

"சப்பாத்தி ரோல்டி. உருளைக்கிழங்கு வெச்சது. ராத்திரி ஃபிரிட்ஜில வெச்சது, என் சூட்டுல வெதுவெதுன்னு இருக்கட்டுமேன்னு..."

அலுமினியம் ஃபாயிலில் சுற்றிய நான்கு ரோல்கள், பீக்கன் பிடித்த கைக்கு நேராக, நெஞ்சுப் பாக்கெட்டில். போனைத் தெரியும், சாவியைத் தெரியும்; சாப்பாட்டையும் உலோகம் என்று யார் நினைப்பார்கள்? எல்லாரும் சிரித்தார்கள். டேவும் சிரித்தார், இத்தனை வருடத்தில் இதை நான் பார்த்ததில்லை என்று. தாரிணி சிரிக்கவில்லை. ரோல்களை வாங்கிக்கொண்டு தூரமாய்ப் போய் நின்றாள்.

பையை இடம் மாற்றி மறுபடி புதைத்தார்கள். இந்த முறை கையை நீட்டிப் பிடித்தேன். 31, 22, 13, 6. கடைசியில் பனியோடு ஒட்டி அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். ஐந்தாவது குத்தில் கம்பி மெத்தையில் பட்டதுபோல் நின்றது. கம்பியை அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து வாரினேன். "வந்துட்டேன்டி, வந்துட்டேன்" என்று நான் கத்தியது எனக்கே பிறகுதான் உறைத்தது. ஆரஞ்சு தெரிந்தது. பதினோரு நிமிடம். பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாலை 4.10. கார் டிக்கியில் உட்கார்ந்து ரோல் சாப்பிட்டோம். தாரிணி போனில் மறுநாள் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வேண்டாம் என்றாள். ராத்திரி காற்று பலமாம், சரிவுகள் தாங்காதாம். சரி என்றேன். என்னால் இல்லை, பனியால்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவள் மூன்றாவது ரோலைப் பிரித்தாள். பிறகு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, தமிழில் சொன்னாள்:

"அடுத்த தடவ டப்பால கொண்டு வாம்மா."

ஞாயிறு காலை, எனக்கென்று ஒரு பீக்கனும் கம்பியும் மண்வாரியும் வாங்கிக்கொண்டு மலையிறங்கினேன். கோல்ஃபாக்ஸ் தாண்டியதும் பனி கிடையாது; ஃபிரீமான்ட்டில் பக்கத்து வீட்டுக்காரர் அரைக்கை சட்டையில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். இங்கே எதுவும் எதையும் மூடுவதில்லை. ஆனாலும் தினமும் காலை காபியோடு டிரக்கி மலையின் எச்சரிக்கையைப் பார்க்கிறேன். சமையலறையிலிருந்து நீல பிளாஸ்டிக் டப்பா ஒன்று மண்வாரிப் பைக்குள் போய்விட்டது.

"மறுபடி எப்பப் போறே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கூப்பிடுவாளுங்க."

"கூப்பிடலைன்னா?"

"பீக்கனுக்குப் புது பேட்டரி போட்டு வெச்சிருக்கேன்" என்றேன்.