ஓடுதளத்தில் காய்ந்த மீன்

லூர்து அக்கா ஆயுள் முழுக்கச் சுமந்த பழி என்னுடையது.

போன மாதம் அவளைத் தேடி வைத்திக்குப்பம் போனேன். கருவாட்டு வாடை மூக்கில் ஏறியதும் சிறுவயதில் நாங்கள் இருந்த சின்னத் தீவு கண்முன் வந்தது. விமானங்கள் வருவது நின்றுபோன அந்தத் தீவின் விமான நிலையத்துக்கு அப்பா காவல்காரர். அங்கே பிழைக்க வந்த நம் ஊர்ப் பெண்கள், சூடேறிய ஓடுதளத்தில்தான் மீன் காயவைப்பார்கள்.

ஒருநாள் தையல்காரர் மனைவிக்குப் பிரசவம் சிக்கலானது. அவளை ஏற்றிப்போக விமானம் வருவதாகச் செய்தி வந்தது.

"எல்லாரையும் மீன வாரச் சொல்லு, ஓடு" என்றார் அப்பா.

மறுகரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த லூர்து அக்காவிடம் மட்டும் நான் சொல்லவில்லை. முந்தின நாள் என்னைத் திருட்டுப் பயல் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அவள் மீன் நசுங்கட்டும் என்று நினைத்தேன்.

ஓடுதளத்தின் கடைக்கோடியில் வாராமல் கிடந்த அவள் மீனைப் பறவைகள் மொய்த்திருந்தன. வட்டமடித்துப் பார்த்த விமானம், பறவைகள் மோதும் என்று இறங்காமல் திரும்பியது. சாயங்காலம் தாயும் பிள்ளையும் இறந்தார்கள்.

"எனக்கு யாரும் சொல்லல" என்று லூர்து அக்கா அழுதாள்.

"நீ சொன்னியாடா?" என்று அப்பா கேட்டார்.

"சொன்னேம்பா."

அதன்பிறகு அவளிடம் யாரும் மீன் வாங்கவில்லை.

வைத்திக்குப்பத்தில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று தீவில் இருந்தவர்களிடமெல்லாம் போய் ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.

"யார்கிட்ட சொல்லுவ? எல்லாம் செத்துட்டாங்க."

நான் நகராமல் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லு. மீன் மேல நெழல் விழுது."