வரவைத்தவர் கட்டம்

வியர்வையில் ஊறிய பேண்டேஜ் துணியின் புளித்த வாடை இன்னும் என் உள்ளங்கையில் இருப்பதுபோலவே தோன்றுகிறது. ராஜபாளையத்தில் எங்கள் பள்ளியின் சாஃப்ட்பால் மட்டைப் பிடிக்கு, பக்கத்துத் தறியில் மிஞ்சிய அந்தத் துணியைத்தான் சுற்றியிருந்தோம். எட்டாம் வகுப்பில் முதல் ஆளாக மட்டை பிடிப்பவள் நான். நான்காவது ஆள் செல்வி. நான் பந்தைத் தட்டிவிட்டு ஓடி முதல் 'பேஸி'ல் நிற்பேன்; அவள் ஓங்கி அடிப்பாள்; எதிரணி பந்தைத் தேடி எடுப்பதற்குள் மற்ற பேஸ்களையும் தொட்டு நான் 'ஹோமு'க்கு வந்துவிட்டால் ஒரு ரன். செல்விக்கு ஓட்டம் வராது. இரண்டாம் பேஸிலேயே மூச்சிரைக்க நின்றுவிடுவாள்.

ஸ்கோர் நோட்டு என் பொறுப்பு. 'வந்தவர்', 'வரவைத்தவர்' என்று இரண்டு கட்டம் போட்டிருந்தேன். முதல் கட்டத்தில் என் பெயருக்கு எதிரே கோடுகள் கூடின. இரண்டாவதில் செல்வி பெயருக்கு எதிரே. ஒருநாள் பி.டி. டீச்சர், "அடின்னா இவ அடிதாம்ட்டி அடி" என்று எல்லோர் முன்னிலையிலும் அவள் முதுகில் தட்டினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று மாலை புது நோட்டு வாங்கி, ஒரே ஒரு கட்டம் போட்டேன்.

"நான் அடிச்சதெல்லாம் எங்கட்டி?" என்றாள் செல்வி.

"ஹோமுக்கு வந்தவ பேரத்தான் எழுதணும். அதான் ரூல்."

நம்பிவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போட்டிக்கு டீச்சர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஆள் எடுத்தார். "நோட்டு பொய் சொல்லாதுட்டி" என்றார். நான் இருந்தேன், செல்வி இல்லை.

ஆனாலும் வேடிக்கை பார்க்க பஸ் ஏறி வந்திருந்தாள். அன்று மூன்று முறை, ஹோமுக்கு முந்தைய மூன்றாம் பேஸ் வரை போனேன். மூன்று முறையும் என்னை ஹோமுக்கு வரவைக்க ஆளில்லை. கடைசி முறை, சுவர்மேல் உட்கார்ந்திருந்த செல்வி கத்தினாள்: "ஏட்டி, அங்கேயே குடியிரு! ரேஷன் கார்டு வாங்கித் தாரேன்!" மைதானமே சிரித்தது. ஒரு ரன்கூட எடுக்காமல் தோற்றோம்.

இப்போது நான் மென்பொருள் சோதிப்பவள், பட்டியல்களோடுதான் பிழைப்பு. அண்மையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால்காரர்களின் பட்டியல் ஒன்றைப் பார்த்தேன். ஓடி வந்தவர்களுக்கு ஒரு கட்டம், அடித்து வரவைத்தவர்களுக்கு ஒரு கட்டம். இரண்டாவதை அக்காலத்தில் யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லையாம். பின்னால் வந்தவர்கள் பழைய செய்தித்தாள்களின் ஆட்டக் குறிப்புகளைத் துருவி நிரப்பியிருக்கிறார்கள். எங்கள் ஆட்டத்தைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதியதில்லை.

இரண்டு கட்டம் போட்ட பழைய நோட்டை, புது நோட்டு வாங்கிய அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன். எங்கள் பள்ளி மைதானத்திலும் இன்று கட்டடம் நிற்கிறது. செல்வி போலீஸில் இருக்கிறாள். ஊருக்குப் போனால் அந்த ரேஷன் கார்டு கதையைச் சொல்லி அவளே விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நோட்டை மறந்தே போனாள். அதிலும் எனக்குப் பொறாமைதான். புது நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் என் பெயருக்கு எதிரே உள்ள கோடுகளை எண்ணும்போதெல்லாம், அவள் அடித்த அடிகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.