அண்ணன் வீட்டு மோட்டாரும் என் ஸ்பீக்கரும்

என் வீட்டு முன்னறையில் இடுப்புக்கு மேல் உயரமாக இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. முதல் தடவை வருகிறவர்கள் பீரோ என்று நினைத்துக் கைப்பிடியைத் தேடுவார்கள். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த கும்பகோணத்துக்காரர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து என் தலையில் கட்டியவை. வேனிலிருந்து இறக்கும்போது டிரைவர் கேட்டார், "சார், உள்ள நெல்லா போட்டு வச்சிருக்கீங்க?"

தஞ்சாவூருக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றில் எனக்கு உரக்கடை. பகல் முழுக்க யூரியா, பொட்டாஷ், மூட்டை விழும் சத்தம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் நாகஸ்வரம் கேட்க வேண்டும். போனிலிருந்து புளூடூத்தில் கேட்டுக்கொண்டிருந்தவரை நிம்மதியாகத்தான் இருந்தேன். அப்புறம் இணையத்தில் ஹை-ரெஸ் என்று ஒன்றைப் படித்துத் தொலைத்தேன். நான் இத்தனை நாள் கேட்டது பாட்டின் சக்கையாம், சாறு வேறிடத்தில் இருக்கிறதாம். அந்தச் சாற்றை இறக்க ஃபைபர் இணைப்பு வேண்டும், ரூட்டரிலிருந்து ஒயர் வேண்டும், அதை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு ஊட்டுவதற்கு ஸ்ட்ரீமர் என்று ஒரு பெட்டி வேண்டும். பெட்டி வந்தது. மனைவி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? பெருங்காய டப்பா மாதிரி இருக்கு."

பெருங்காய டப்பாவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒத்துவரப் பல நாள் ஆயிற்று. போன் பெட்டியைத் தேடும், பெட்டி ரூட்டரைத் தேடும், நான் கண்ணாடியைத் தேடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் ஒன்றையொன்று கண்டுகொண்டு பாட்டு வந்தது. வாசிக்கிறவர் சீவாளியை உதட்டில் பொருத்துவதும், மூச்சை உள்ளே இழுப்பதும்கூடக் கேட்டது. கண்ணை மூடினேன். அடுத்த நொடி திறந்தேன். நாகஸ்வரத்துக்கு அடியில் இன்னொருவர் ஒத்து ஊதிக்கொண்டிருந்தார். சுருதி சேராத ஒத்து. பாட்டை நிறுத்தினேன். ஒத்துக்காரர் நிறுத்தவில்லை. பித்தளைக் குடத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஓர் உறுமல், இரண்டு ஸ்பீக்கரிலும்.

என்னைப் போல இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இணையத்தில் கூட்டமாக இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டேன். ஒயரை மாற்று என்றார்கள், மாற்றினேன். பெட்டியைத் தள்ளி வை என்றார்கள், வைத்தேன். கடைசியில் ஒருவர் தீர்ப்புச் சொன்னார்: வீட்டு எர்த் அசுத்தமானது, ஆம்ப்ளிஃபயருக்கென்று தனியாக ஒரு எர்த் குழி எடுங்கள். கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. ஊரிலேயே தன் பாட்டுப்பெட்டிக்குத் தனிக் குழி வெட்டியவன் நான் ஒருவன்தான் என்ற பெருமை கிடைக்குமே.

கொல்லையில், வேலியோரமாக, நானே மண்வெட்டி எடுத்து வெட்டினேன். கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டிக் குழாயை நட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா மகன் வீடு. எனக்கு அண்ணன் முறை, ஊர் வழக்கில் பங்காளி. வேலி மேலேயே முளைத்துத் தொலைத்த ஒரு தென்னை யாருடையது என்ற கேள்வியில் நாங்கள் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை. பேசுவதில்லை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று அர்த்தமில்லை. எங்கள் பக்கத்தில் பேச்சு முறிந்தவர்கள் சாடையில் பேசுவார்கள். அண்ணன் தன் மாட்டிடம் பேசுவார், எனக்குக் கேட்கும். எனக்கு மாடு கிடையாது. ஆகவே நான் முருங்கை மரத்திடம் பேசுவேன், அவருக்குக் கேட்கும்.

குழி வெட்டும்போது மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி சொன்னார், "பாத்துக்க மாடே. உரம் வித்தவன் உப்பு விக்க ஆரம்பிச்சுட்டான். பாட்டுக்குச் சமாதி கட்றான் போலருக்கு."

நான் முருங்கையைப் பார்த்து, "ஞானசூன்யங்களுக்கு நடுவுல நிக்கிறோமே, என்ன பண்றது," என்றேன். வேலிக்கு அந்தப்புறம் அண்ணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தது தெரிந்தது. பெண்கள் இருவருக்கும் இந்தச் சண்டையில் பங்கு இல்லை. கறிவேப்பிலை, மோர், ஊர்க்கதை எல்லாம் வேலி தாண்டிப் போய்வந்துகொண்டுதான் இருந்தன.

தனிக்குழியில் இணைத்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். உறுமல் இரண்டு மடங்கானது. வண்டு போய், குடத்துக்குள் இப்போது எருமை.

மனைவி எழுந்து போய் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுதான் அவள் சொன்னதிலேயே மோசமானது.

சில நாள் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். உறுமல் எப்போதும் இருப்பதில்லை. வரும், போகும். வரும்போதெல்லாம் அண்ணன் வீட்டுக் கொல்லையில் போர் மோட்டார் ஓடித் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிறது. மோட்டார் நின்றால் ஸ்பீக்கரும் வாயை மூடுகிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தென்னை போதாதென்று இந்த மனிதர் என் நாகஸ்வரத்திலும் பங்கு கேட்கிறாரே என்று மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மோட்டாரை விடுங்க. அந்த வீட்டு அக்காவுக்குச் சுகர் ஏறிடுச்சாம், பாவம். காலு ரெண்டும் குறுகுறுன்னு மரத்துப் போவுதாம். டாக்டரு மாத்திரையைக் கூட்டிக் குடுத்திருக்காரு."

"எப்பப் பாத்தாலுமா?"

"இல்லீங்க. துணி துவைக்கிற கல்லுகிட்ட நிக்கிறப்பதான் வருதாம். செருப்புப் போட்டிருந்தா வராதாம். சுகர் அப்படித்தான் இருக்கும்போல."

சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினேன். அந்தத் துவைக்கிற கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதன் பக்கத்தில் மண்ணிலிருந்து ஓர் இரும்புக் கம்பி ஒரு சாண் தலைநீட்டி நிற்பதும், அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் மோட்டார் ரூமுக்குப் போவதும் தெரியும். எங்கள் பக்கத்தில் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற ஒயர், துருப்பிடித்து அறுந்துபோனால், மின்வாரியத்துக்கு எழுதிக்கொடுத்துக் காத்திருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. ஒரு கம்பியைத் தரையில் அடித்து, மோட்டாரின் நியூட்ரலை அதில் கட்டிவிடுவார்கள். பூமாதேவி வாங்கிக்கொள்வாள். ஈரமான இடமாகப் பார்த்து அடித்தால் மோட்டார் நன்றாக இழுக்கும் என்பது ஊரறிந்த சூத்திரம். துவைக்கிற கல்லை விட ஈரமான இடம் கொல்லையில் ஏது? மோட்டார் ஓடும்போதெல்லாம் அதன் மின்சாரம் முழுவதும் அந்த ஈர மண்ணுக்குள் இறங்கிப் பரவுகிறது. பரவியதில் ஒரு துளி என் தனிக்குழி வழியாக ஏறி ஸ்பீக்கரில் உறுமுகிறது. அங்கே வெறுங்காலோடு நின்று அண்ணி துணி அலசுகிறார். அது சுகர் இல்லை.

ஐப்பசி பிறந்திருந்தது. வானம் மூடிக்கொண்டே இருந்தது. பெருமழை இறங்கினால் அந்தக் கொல்லை முழுவதும் துவைக்கிற கல்தான்.

உடனே வேலிக்குப் போனேன். பழக்கதோஷம், முருங்கையிடம்தான் ஆரம்பித்தேன். "சில பேரு வீட்ல தரையில கரண்ட் ஓடுது. பொம்பளைங்க கால் வைக்கிற எடம்."

அண்ணன் மாட்டின் முதுகைத் தட்டினார். "கேட்டியா மாடே? நம்ம தரையில கரண்ட் ஓடுதாம். நாளைக்கு உன் மடியில பாலுக்குப் பதிலா டீசல் வரும்பான்."

முருங்கையை விட்டுவிட்டு நேராக முகம் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. "அண்ணே, நெசமாத்தான் சொல்றேன். அந்தக் கம்பியைப் புடுங்குங்க. அண்ணி காலு மரக்கிறது அதனாலதான்."

அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "நியூட்ரல்ல ஷாக் அடிக்காதுன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும்டா. போன வருஷம் கடைக்கு வந்தவன்கிட்ட, யூரியாவைச் சனிக்கிழமை நல்லெண்ணெயில பெசறிப் போடுன்னு சொன்னவன்தானே நீ? அவனும் போட்டான்ல?"

போட்டான். அந்தக் கதையை ஊரெல்லாம் நானேதான் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தேன். இப்போது என்ன சொன்னாலும் அது அடுத்த கதை.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று முகத்தைக் கடுமையாக வைத்துப் பார்த்தேன். "நீங்க சீரியஸா இருந்தா இன்னும் சிரிப்பா இருக்குங்க," என்றாள் மனைவி. ஆனால் அவள் சிரிக்கவில்லை. வேலிக்குப் போய் அண்ணியிடம் செருப்பைக் கழற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். "உங்க வீட்டுக்காரரு சொன்னாரா? அப்ப நல்ல ஜோக்காத்தான் இருக்கும்," என்றாராம் அண்ணி.

மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போடலாம் என்று எடுத்தேன். எழுத்து மூலம் புகார் போனால் அண்ணன் மேல் நடவடிக்கை வரும். பங்காளி போட்டுக்கொடுத்தான் என்ற பேச்சு எங்கள் இருவர் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். போனை வைத்தேன். மறுபடி எடுத்தேன். தெரிந்த லைன்மேன் ஒருவரிடம் பட்டும்படாமல் சொன்னேன். "மழைக்கு முந்திக் கம்பமெல்லாம் பாத்துக்கிட்டிருக்கோம் சார், வர்றோம்," என்றார். கடையில் உட்கார்ந்தால் கணக்கு ஓடவில்லை. வீட்டுக்கு வந்தால் பாட்டுப் போடுவதில்லை. பாட்டில்லாமல் ஆம்ப்ளிஃபயரை மட்டும் போட்டுவிட்டு, எருமை உறுமுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். உறுமினால் ஜன்னல் வழியே அண்ணியின் கால்களைத் தேடுவேன். ஹை-ரெஸ்ஸில் நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

இரவெல்லாம் மழை பெய்த ஒரு காலையில், அண்ணன் வீட்டு மோட்டார் கிளம்பியது. என் ஸ்பீக்கரில் அதுவரை கேட்காத சத்தம், சுவரே அதிர்வதுபோல. ஜன்னலில் பார்த்தேன். கல்லின் மேல் துணிவாளி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. ஆள் இன்னும் வரவில்லை. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. முன்னறையின் வேலிப்பக்க ஜன்னல்களை விரியத் திறந்தேன். ஸ்பீக்கர் இரண்டையும் அந்தப் பக்கமாகத் திருப்பினேன். வால்யூமைக் கடைசிவரை முறுக்கினேன்.

அந்த உறுமல் தெருவுக்கே கேட்டிருக்கும். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. அண்ணி அடுக்களை வாசலில் வந்து காதைப் பொத்திக்கொண்டு நின்றார். அண்ணன் குடையைக்கூட எடுக்காமல் தெருவழியாகச் சுற்றி ஓடிவந்து என் முன்னறைக்குள் நுழைந்தார், ஈரக்காலோடு.

"என்னடா எழவு சத்தம் இது? பால் கறக்கவா வேண்டாமா?"

"இது உங்க மோட்டார்ண்ணே."

"திரும்பவும் வெளையாட்டா?"

"அண்ணியை மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க. சுவிட்சு அடுக்களையிலதானே இருக்கு? கீழ எறங்க வேணாம்னு சொல்லுங்க. எறங்கவே கூடாது."

என் குரலில் என்ன இருந்ததோ, அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் ஜன்னலில் நின்று கத்தினார். அண்ணி உள்ளே போனார். உறுமல் அறுந்தது. அறை முழுக்க மழைச்சத்தம் மட்டும்.

"போடச் சொல்லுங்க."

போட்டார். எருமை உறுமியது. "நிறுத்து," என்று அண்ணன் அவராகவே கத்தினார். நின்றது. அண்ணன் ஸ்பீக்கர் பக்கம் வந்தார். ஸ்பீக்கரின் வலைத்துணி மேல் கையை வைத்து, மாட்டைத் தடவுவதுபோல் மெதுவாகத் தடவிப் பார்த்தார். மோட்டார் சரியாக இழுக்காத நாட்களில், கம்பி பக்கத்தில் நாலு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லி அண்ணியை அனுப்பியவர் அவர். அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் ஓடியது.

"அவளுக்கு மாத்திரையை ரெண்டா ஆக்கிட்டாங்கடா," என்றார்.

மனைவி அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். தலையைத் துவட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு போய் மெயினை அணைத்து, ஒயரை அவிழ்த்து, கம்பியைப் பிடுங்கினார். ஈரமண்ணில் அது சுலபமாகவே வந்தது. கம்பத்திலிருந்து நியூட்ரல் சரியாகி வருகிற வரைக்கும் அவர் வீட்டுக்குத் தண்ணீர் எங்கள் குழாயிலிருந்து வேலி தாண்டிப் போயிற்று. தென்னை விஷயத்தை இருவரும் எடுக்கவில்லை. அது அப்படியேதான் நிற்கிறது.

அண்ணியின் காலில் குறுகுறுப்பு நின்றுவிட்டது. சுகர் நிஜமாகவே கொஞ்சம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மாத்திரை ஒன்றாகக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. அண்ணன் இப்போதும் மோட்டார் போடுவதற்கு முன்னால் வேலியோரம் வந்து நின்று, "மாடே, மோட்டார் போடப்போறேன். அந்தாளைக் காது குடுத்துக் கேக்கச் சொல்லு," என்கிறார். கேட்கிறேன். ஒன்றும் இல்லை. "ஒண்ணுமில்லன்னு சொல்லு," என்கிறேன் முருங்கையிடம்.

பாட்டு இப்போது சுத்தமாக வருகிறது. சீவாளி, மூச்சு, எல்லாம். ஆனால் நான் கேட்பது பாட்டை இல்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் முன்னால் குனிந்து, அந்த மௌனத்துக்குள் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறேன். மனைவி இதைப் பார்த்துவிட்டு, "பாட்டைப் போட்டுட்டு எப்ப நிக்கும்னு காத்திருக்கிற ஒரே மனுஷன்," என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் அப்படிக் குனிந்திருந்தபோது அது மறுபடி வந்தது. மெல்லிசாக, எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல. வேலிக்கு ஓடினேன். அண்ணன் வீட்டு மோட்டார் ஓடவில்லை. மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"என்னடா?" என்றார், நேராக என்னிடமே.

"நம்மது இல்லண்ணே. வேற யாரு வீட்லயோ."

எங்கள் தெருவில் கொல்லைகள் வரிசையாக ஆறுவரைக்கும் போகின்றன. எத்தனை துவைக்கிற கல், எத்தனை கம்பி, யாருக்குத் தெரியும். மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் தோளில் துண்டைப் போட்டார்.

"நீ பேசாத. நீ சொன்னா எவனும் நம்ப மாட்டான். நான் பேசுறேன், நீ பின்னாலயே வா. செருப்பைப் போட்டுக்க."

போட்டுக்கொண்டேன்.