ஆள் மாறிச் சொன்ன ஸலாம்

இதை எழுதலாமா வேணாமா என்று பல வருசம் யோசித்துக்கொண்டே இருந்தேன். கல்முனையில் படங்களுக்குக் கண்ணாடி போட்டு பிரேம் அடிக்கிறது என் தொழில்.

ஒருநாள் கிறிஸ்தவ டீச்சர் ஒருவர், மெழுகுதிரிப் புகையில் கறுத்துப்போன பழைய ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்தார். சிம்மாசனத்தில் தாடி வைத்த ராசா. முன்னால் தட்டோடு ஒரு பெண். பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

“டீச்சர், இது சுலைமான் நபி அலைஹிஸ்ஸலாம். ஹதியா, பரிசோட வந்து நிக்கிறவ பல்கீஸ் ராணி. தட்டில வத்தகப்பழம் போல கிடக்கு.”

டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். “காக்கா, அந்தப் பழத்தக் கொஞ்சம் துடைச்சுப் பாருங்க.”

துடைத்தேன். பழத்துக்கு மூக்கும் தாடியும் முளைத்தன.

“அது ஞானஸ்நானம் குடுத்தவர்ட, உங்கட யஹ்யா நபிட தலை. ராசா ஏரோது, அந்தப் பெண் கேட்டாளெண்டு வெட்டச் சொன்னவன்.”

“அஸ்தஃபிருல்லாஹ்!” அலைஹிஸ்ஸலாம், அவர் மீது சாந்தி உண்டாகட்டும் என்று நபியைக் கொன்றவனுக்கு என் வாயாலேயே கேட்டுவிட்டேனே! மறுமையில் யஹ்யா நபியின் முகத்தில் எப்படி முழிப்பேன்? பகல் சோறு இறங்கவில்லை. மௌலவியிடம் ஓடினேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நீங்க நினைச்சது சுலைமான் நபியத்தானே காக்கா? நிய்யத்துப்படி ஸலாம் அவருக்குத்தான் போகும். ஏரோதுக்கு ஒண்டும் கிடையாது” என்றார். அல்ஹம்துலில்லாஹ், அதற்குப் பிறகுதான் பசித்தது.

ஆனால் ஊர்க்கதையில் நான் தேவாலயத்துக்குள்ளேயே போய் ஏரோதுக்குக் கைகொடுத்துவிட்டேனாம். அதனால்தான் எழுதினேன். இதைச் சொல்கிறவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மௌலவி சொன்ன பதிலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.